குடிக்கலாம், ஆக்கக் கூடாது

என் அப்பா குடித்துத்தான் செத்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் கட்டுரை பாதியைத் தாண்டுவதற்குள் யாராவது, "குடியால சீரழிஞ்ச குடும்பத்தைப் பார்த்திருந்தா இப்படி எழுதமாட்டே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பத்துக்குள் இருந்தே பார்த்திருக்கிறேன். அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்லாக் டெய்லர். சனிக்கிழமை சம்பளம். சம்பளக் கவருக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு கடை இருந்தது. நான் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அவருடைய கல்லீரல் வேலையை நிறுத்திக்கொண்டது.

அந்த வீட்டுப் பையன் சொல்வது இதுதான். தமிழ்நாட்டில் ஒருவர் தன் வீட்டில், தன் பாத்திரத்தில், தான் வாங்கிய தானியத்தைப் புளிக்கவைத்து, தான் குடிப்பதற்கு மட்டும் ஒரு பானம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தர வேண்டும். காய்ச்சி வடிப்பதை நான் கேட்கவில்லை. விற்பதையும் கேட்கவில்லை.

இப்போதைய நிலைமை என்ன? நம்மிடம் இருப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. பெயரிலேயே மதுவிலக்கு. அந்தச் சட்டத்தின் கூரைக்குக் கீழேதான் அரசு நிறுவனமான டாஸ்மாக் ஆயிரக்கணக்கான கடைகளை நடத்துகிறது. 2023-24 நிதியாண்டில் அதன் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அங்கே விற்கிற பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். அதை நீங்கள் வாங்கலாம், குடிக்கலாம், ரோட்டோரம் விழுந்து கிடக்கலாம். ஆனால் சோளத்தையோ பார்லியையோ ஊறவைத்து, நாலு சதவீதம் ஆல்கஹால் உள்ள ஒன்றை வீட்டில் செய்தால் குற்றவாளி. செய்வதற்கான பொருளையும் பாத்திரத்தையும் அந்த நோக்கத்தோடு வைத்திருந்தாலே 4-ம் பிரிவின்படி குற்றம். அனுப்பர்பாளையத்தில் அடித்த எவர்சில்வர் அண்டா எங்கள் ஊரில் எந்த வீட்டில் இல்லை? அதில் பொங்கல் வைத்தால் அது பாத்திரம், பார்லி வைத்தால் அது சாதனம்.

நான் செய்து பார்த்தது இங்கே இல்லை. 2019 ஜூலையில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டை ஒட்டிய பீவர்டனில். கம்பெனி ஆன்சைட் அனுப்பியிருந்தது. அலுவலக நண்பர் ஒருவரின் கேரேஜ். அதற்குமுன் இரண்டு முறை மால்ட் சாறு டப்பாவை வாங்கிக் கரைத்து பீர் செய்திருந்தேன். அது ரெடிமேட் மாவில் தோசை ஊற்றுகிற மாதிரி. முழுத் தானியத்தில் தொடங்கிச் செய்வது அதுதான் முதல் தடவை. பத்து பவுண்டு பார்லி மால்ட், நம் கணக்கில் நாலரைக் கிலோ. இலக்கு ஐந்து கேலன், அதாவது 19 லிட்டர் பீர்.

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். பார்லியை முளைகட்டிக் காயவைத்தால் மால்ட். முளைவிடும்போது தானியம் தனக்குள் இருக்கிற மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்க அமைலேஸ் என்ற என்சைமைத் தயார் செய்துகொள்கிறது. அந்த மால்ட்டை உடைத்து 65, 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால், செடிக்காகத் தயாரான என்சைம் நமக்காக வேலை செய்து மாவைச் சர்க்கரையாக்கும். அந்த இனிப்புத் தண்ணீரை வடித்து, ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டால் மீதியை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துச் சூட்டில் இருக்கிறது. அறுபத்தைந்துக்குக் கீழே வேலை செய்கிற பீட்டா வகை, எழுபதைத் தாண்டினால் செத்துவிடும். அதற்குமேல் தாக்குப்பிடிக்கிற ஆல்பா வகை மட்டும் மிஞ்சும். ஆல்பா மட்டும் உடைத்துத் தருகிற சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட்டால் சாப்பிட முடியாது.

என் தெர்மாமீட்டர் 71 காட்டியது. தண்ணீரை அளவுக்குமேல் சுடவைத்துவிட்டேன். புத்தகத்தைப் புரட்டினேன், கை நடுங்கியது. அங்கே சனிக்கிழமை இரவு எட்டு மணி, திருப்பூரில் ஞாயிறு காலை எட்டரை. அம்மாவின் தம்பி, என் மாமா, முப்பது வருடமாக டையிங் மாஸ்டர். அவருக்கு போன் போட்டேன்.

"மாமா, என்சைம் போட்டிருக்கறனுங்க. சூடு எழுபத்தொண்ணு வந்துருச்சுங்க."

"எழுபத்தொண்ணா? என்ற சாமி, எங்களுக்கு அம்பத்தஞ்சு. எம்பதுல கொண்டுபோனா செத்துரும், அப்படித்தான் நாங்களே அதச் சாவடிக்கறோம். உனக்கு எவ்வளவு போட்டிருக்குது?"

"அறுவத்தேழுங்க."

"அப்ப சீக்கிரம். பச்சத்தண்ணி ஒரேடியா ஊத்தாத. கொஞ்சங்கொஞ்சமா ஊத்தி அடியிலிருந்து கலக்கு. பிஹெச் பாத்தியா?"

"அஞ்சு புள்ளி நாலுங்க."

"பரவால்லியே, நம்முளுது மாதிரியேதான். என்ன துணி மாப்ள?"

"துணி இல்லீங்க மாமா. பீரு."

போன் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. "உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடாத" என்று வைத்துவிட்டார்.

திருப்பூரில் பயோ வாஷ் என்று சொல்வோம். பின்னிய துணியின் மேல் நிற்கிற பொடிப்பொடியான பஞ்சு மயிரை, செல்லுலேஸ் என்ற என்சைமை விட்டுத் தின்னவைப்பது. சூடு 50 முதல் 55 டிகிரி, அமிலத் தண்ணீர், ஒரு மணி நேரம் போல. பிறகு 80-க்குக் கொண்டுபோய் என்சைமைக் கொல்ல வேண்டும், கொல்லாவிட்டால் துணியையே தின்ன ஆரம்பித்துவிடும். பீர் செய்கிறவர்களும் கடைசியில் 76, 77 டிகிரிக்கு ஏற்றி அமைலேஸைக் கொல்கிறார்கள். ஐரோப்பாவில் மடாலயத்துச் சாமியார்கள் காத்த கலை என்று பீர்ப் புத்தகங்கள் மூச்சுவிடாமல் பேசுகிற இந்த வேலையின் நெளிவுசுளிவு, பத்தாவது தாண்டாத என் மாமாவுக்குப் பாதித் தூக்கத்தில் தெரிந்திருந்தது. திருப்பூரில் அவரைப்போல எத்தனையோ பேர்.

அன்றைக்கு அடுத்த தவறும் காத்திருந்தது. மால்ட்டை ரவை பதத்துக்கு உடைத்தால் போதும். உமி முழுசாக இருக்க வேண்டும், அந்த உமிதான் வடிகட்டி. நான் நன்றாகச் சாறு இறங்கட்டும் என்று இரண்டு தடவை மில்லில் விட்டு மாவாக்கியிருந்தேன். குழாயைத் திறந்தால் சொட்டுகூட வரவில்லை. கீழே களி கட்டிக்கொண்டது. கரண்டியால் கிளறி, மறுபடி படியவிட்டு, முக்கால் மணி நேரம். ஹைட்ரோமீட்டரில் 1.055 வந்திருக்க வேண்டியது 1.044-தான் வந்தது. தானியத்தில் இருந்த சர்க்கரையில் அறுபது சதவீதம்தான் என் கைக்கு வந்தது. இரண்டு வாரம் கழித்து 1.016-ல் நின்றுவிட்டது. கணக்குப் போட்டால் 3.7 சதவீதம் ஆல்கஹால். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கலங்கல். நண்பர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "கஞ்சி மாதிரி இருக்கு" என்றார். திட்டாகத்தான் சொன்னார்.

அவர் சொன்னதில் தவறில்லை. அது கஞ்சியேதான். பெரும்பாணாற்றுப்படையில், தொண்டைமான் இளந்திரையனைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், மது செய்கிற முறையைச் சமையல் குறிப்பு மாதிரி எழுதி வைத்திருக்கிறார். குற்றாத அரிசியைத் துழாவிக் களியாகக் காய்ச்ச வேண்டும். அகன்ற வாயுள்ள தட்டில் ஊற்றி ஆறவைக்க வேண்டும். புற்றாஞ்சோறு போலிருக்கிற அடையை அதில் கலக்க வேண்டும். முளையை இடித்துச் செய்த அடை என்று உரைக்காரர்கள் பொருள் சொல்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு. பிறகு சாடியில் முதிரவிட்டுப் பிழிய வேண்டும். களி, ஆறவைத்தல், முளைத் தானியம், நொதித்தல், வடித்தல் என்று என் கேரேஜில் நடந்த வரிசை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, ஹாப்ஸ் மட்டும் இல்லை. அதே பாட்டில் வீட்டில் ஆக்கிய தோப்பி என்ற நெல் மதுவும் வருகிறது. செம்மொழி என்று மாநாடு போட்டுக் கொண்டாடிய இலக்கியத்தில் இருக்கிற அந்தக் குறிப்பை இன்றைக்கு ஒரு தமிழாசிரியர் தன் சமையலறையில் செய்து பார்த்தால் வேலை போய்விடும்.

முளைகட்டுவது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. அப்பா போன பிறகு அம்மா வீட்டிலிருந்தே ராகி மாவு செய்து தெருவில் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். ராகியை ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி, முளை வந்ததும் மொட்டை மாடியில் காயவைத்து, லேசாக வறுத்து அரைப்பார். முளைகட்டினால் கூழ் நீர்க்க இருக்கும், குழந்தைக்குச் செரிக்கும் என்பார். நீர்க்க இருப்பது அமைலேஸின் வேலை. சிறுதானியங்களில் ராகி மால்ட்டுக்கு அந்தச் சக்தி அதிகம். கடையில் 'ராகி மால்ட்' என்றே டப்பா விற்கிறது, யாரும் முகம் சுளிப்பதில்லை.

பிறகு எப்போது இது குற்றமானது? காந்தியைச் சொல்வார்கள். காந்திக்கு முன்பே 1886-ல் மதராஸ் அப்காரிச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு ஒழுக்கம் பற்றிய கவலை கிடையாது. மதுவை யார் ஆக்கலாம், யார் விற்கலாம், சர்க்காருக்கு எவ்வளவு என்பதுதான் அதன் கவலை. அனுமதியில்லாமல் ஆக்குகிறவன் வரி ஏய்ப்பவன். ஒழுக்கம் அதற்குப் பிறகு வந்தது. அதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. 1921-ல் பக்கத்து ஊரான ஈரோட்டில் நாகம்மையும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் நின்றபோது அவர்கள் பேசியது என் அம்மா மாதிரி பெண்களுக்காக. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதும் அந்தக் கண்ணீரை நம்பித்தான். பிறகு 1971-ல் திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1987 ஜனவரி 1-ம் தேதி சாராயக் கடையையும் கள்ளுக்கடையையும் மூடினார்கள், பாட்டில் சரக்கு மட்டும் ஓடியது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. இந்த வரிசையைப் பாருங்கள். பனையில், தென்னையில் வடிகிற அஞ்சு சதவீதச் சரக்கு போய்விட்டது. கரும்பாலை மொலாசஸிலிருந்து வடித்த ஸ்பிரிட்டில் நிறமும் வாசனையும் சேர்த்த 42.8 சதவீதச் சரக்கு நின்றுவிட்டது. மதுவிலக்கின் மொழி அப்காரியின் கல்லாப்பெட்டிக்கு மூடியாகிவிட்டது.

இந்த வேலையை நமக்குமுன் இதைவிட அப்பட்டமாகச் செய்த ஒரு ஊர் உண்டு. டர்பன். தமிழர்கள் கரும்புக்கு வெட்டக் கப்பலேறிப் போன அதே நேட்டால். அங்கே ஜூலுப் பெண்கள் வீட்டில் சோளத்தை முளைகட்டிப் பீர் செய்வார்கள், அதுதான் அவர்களுக்குக் கைக்காசு. 1908-ல் ஒரு சட்டம் வந்தது. அதை வைத்து டர்பன் நகராட்சி, சோள பீரைத் தானே ஆக்கித் தன் பீர் மண்டபங்களில் மட்டும் விற்கிற தனியுரிமையை எடுத்துக்கொண்டது. வீட்டில் ஆக்கின பெண்களைப் போலீஸ் தேடி வந்து பானையை உடைத்தது. வந்த லாபத்தில் கறுப்பர்களை ஆளுகிற நிர்வாகச் செலவு நடந்தது. அவர்கள் குடித்த காசில் அவர்களுக்கே லாடம். 1929-ல் மண்டபங்களைப் புறக்கணித்துக் கலகம் வெடித்தது. 1959-ல் கேட்டோ மேனரில் பெண்கள் கம்போடு பீர் மண்டபத்துக்குள் நுழைந்து குடித்துக்கொண்டிருந்த ஆண்களை விரட்டினார்கள். அந்தப் பெண்களின் கோபத்தில் இரண்டு பங்கு இருந்தது. புருஷன் குடிக்கிறான் என்பது ஒன்று. ஆக்கும் கை தன்னிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது இன்னொன்று. நம் ஊரில் முதல் பங்கைப் பற்றி எல்லா மேடையிலும் பேசுகிறோம். இரண்டாவதைப் பேசினால் குடிகாரன் என்கிறார்கள்.

"அப்ப வீட்டுக்கு வீடு சாராயம் காய்ச்சலாம்ங்கறியா? கள்ளக்குறிச்சியப் பாத்தியா?" என்று ஒரு நண்பர் கேட்டார். பார்த்தேன். 2024 ஜூனில் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைக்குப் போக வேண்டிய ரசாயனம், பாக்கெட்டில் கலந்து விற்கப்பட்டது. அதற்கு முந்தைய வருடம் மரக்காணம் பக்கத்தில் செத்தவர்களைக் கொன்றதும் அதுவே. அரிசியையோ பார்லியையோ ராகியையோ புளிக்கவைத்தால் ஆளைக் கொல்கிற அளவுக்கு மெத்தனால் வராது. வந்தால் உலகத்தில் பாதி ஜெர்மனியும் பாதி ஆப்பிரிக்காவும் எப்போதோ குருடாகியிருக்கும். இந்த வித்தியாசம் படித்த நண்பருக்கே தெரியவில்லை என்பதுதான் என் புகார். ஊறல், கள், சாராயம், ஸ்பிரிட், மெத்தனால் எல்லாம் அவருக்கு ஒரே சொல். வருடத்துக்கு இவ்வளவு மது விற்கிற மாநிலத்தில் மது என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாது. ஆக்கினால்தானே தெரியும்? இட்லி மாவு பொங்கியதா, கெட்டதா என்று மூக்கை வைத்தே சொல்கிற ஊர் இது. மதுவில் மட்டும் நம் மூக்கைப் பிடுங்கிவிட்டார்கள். லேபிளை நம்ப வேண்டும், லேபிள் இல்லாதவன் விற்பவனை நம்ப வேண்டும்.

இனி என் அப்பா. வீட்டில் பீர் ஆக்க அனுமதி இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? இல்லை. இதில் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. காலையில் எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்து ஒன்றரை ஷிப்ட் முடித்து எழுந்திருக்கிறவர், ஐந்து மணி நேரம் அடுப்படியில் நின்று, மூன்று வாரம் காத்திருந்து குடிப்பாரா? குவார்ட்டர் பாட்டில் ஷிப்ட்டுக்கென்றே செய்த சரக்கு. பத்து நிமிஷத்தில் முதுகுவலியும் கண்ணெரிச்சலும் போக வேண்டும், மறுநாள் மறுபடி உட்கார வேண்டும். ஷிப்மென்ட் தேதிக்கு ஏற்ற போதை அது. ஆனால் ஒன்று சொல்வேன். என் கேரேஜில் நான் தெரிந்துகொண்டது, 3.7 சதவீதம் என்பது எத்தனை வேலை என்று. பத்தொன்பது லிட்டர் பீரில் இருந்த மொத்த ஆல்கஹால் ஏறக்குறைய ஒன்பது குவார்ட்டருக்குத்தான் சமம். அப்பா அதை இரண்டு வாரத்தில் தாண்டிவிடுவார். அந்த ஒன்பது குவார்ட்டருக்குப் பின்னால் எவ்வளவு தானியம், எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு இருக்க வேண்டும் என்று அவருக்குக் காட்ட யாரும் இருக்கவில்லை.

இந்த இடத்தில் என் பக்கம் நிற்க வருகிறவர்களையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. கள் இயக்கத்துக்காரர்கள் கள் உணவுதான், மதுவே இல்லை என்கிறார்கள். கொங்கு நாட்டுத் தோட்டக்காரர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும், தென்னை அவர்களுடையது, மரமேறிகளின் பிழைப்பும் அதில் இருக்கிறது. பொள்ளாச்சி தாண்டிக் கோபாலபுரம் போனால் கேரளத்தில் சட்டப்படி குடிக்கிற கள் இந்தப் பக்கம் வந்ததும் குற்றமாவது கேலிக்கூத்து. ஆனால் அது மதுதான். காலையில் இறக்கியது சாயங்காலம் ஏறும். உணவு என்று சொல்லி அனுமதி வாங்குவது, மதுவிலக்கின் பொய்யை நாமும் சேர்ந்து பேசுவது.

இன்னொரு கூட்டம் என் வேலைக்காரக் கூட்டமே. பெங்களூரில் தாமிரத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்நூறு ரூபாய் கிளாஸை மோந்து பார்த்து "சிட்ரஸ் நோட்ஸ்" சொல்கிறவர்கள். லேப்டாப் வைத்திருக்கிறவன் அண்டாவில் பீர் செய்தால் ஹாபி, கல்வராயன் மலையில் ஒரு பெண் ஊறல் போட்டால் ரெய்டு. நானும் அந்த ஹாபியைத்தான் செய்தேன், பாஸ்போர்ட் இருந்ததால் செய்தேன். சட்டம் மாறினால் முதலில் அந்தப் பெண்ணுக்குப் பொருந்துகிற மாதிரி மாற வேண்டும். லைசென்ஸ் கட்டணம் லட்சத்தில் வைத்து ஓட்டல்களுக்கு மட்டும் கதவைத் திறப்பது மாற்றமே இல்லை, இன்னொரு கல்லாப்பெட்டி.

செய்ய முடியாத காரியமும் இல்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-ல் போன பிறகும் வீட்டில் பீர் ஆக்குவது குற்றமாகவே இருந்தது. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம், அடுத்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து அதை விட்டது. ஒரு ஆளுக்கு வருடத்துக்கு நூறு கேலன், இரண்டு பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கு இருநூறு. விற்கக் கூடாது. வடிக்கக் கூடாது, அது அதற்குப் பிறகும் ஃபெடரல் குற்றமாகவே இருந்தது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தன. தமிழ்நாட்டுக்கு இருநூறு கேலனெல்லாம் வேண்டாம். மாதம் பத்து லிட்டர், புளிக்கவைத்தது மட்டும், விற்பனை இல்லை, வீட்டுக்குள். வடிகலன் வைத்திருந்தால் இப்போதிருக்கிற தண்டனை அப்படியே இருக்கட்டும். ஒரு திருத்தம், ஒரு பக்கம். அரசாங்கத்துக்கு இதில் நட்டமும் ஒன்றும் பெரிதாக வராது, என் அப்பா மாதிரி ஆட்கள்தான் அதன் வாடிக்கையாளர்கள், அவர்களுக்கு நேரமில்லை.

2021-ல் ஊருக்குத் திரும்பிவிட்டேன். அண்டாவையும் மில்லையும் நண்பரிடமே விட்டுவிட்டு ஹைட்ரோமீட்டரை மட்டும் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்தேன். அம்மாவிடம் மாமாவே சொல்லிவிட்டிருந்தார். அம்மா நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் ராகியை மாடியில் உலர்த்திக்கொண்டே, "பார்லிய எத்தன நாள் மொளைக்க வெப்பாங்க?" என்று கேட்டார். ஐந்து நாள் என்றேன். "அத்தன நாள் வெச்சா வேர் பின்னிக்குமே, திருப்பிவிடோணுமே" என்றார். ஆமாம், திருப்பிவிடுவார்கள் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

ஹைட்ரோமீட்டர் என் பீரோவில் ரொம்ப நாள் கிடந்தது. மாமாவின் டையிங்கில் உப்புத் தண்ணி அளக்கிறது உடைந்துவிட்டதென்று போன வருடம் வாங்கிக்கொண்டு போனார். லிட்டருக்கு ஐம்பது கிராம் போலக் கிளாபர் உப்பு கரைத்து, ஆறவைத்து அளந்தால் அங்கேயும் 1.044 பக்கம்தான் காட்டுகிறதாம்.